யாருக்கும் புருஷன் இல்லாத பெயர்

"இப்பதான் வழி தெரிஞ்சுதோ?"

குற்றாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஐந்தருவிச் சாலையில் அரை மைல் நடந்து, அந்தப் பழைய பங்களாவின் கேட்டைத் திறந்த நம்பிராஜனை வரவேற்றது இந்தக் கேள்விதான்.

கேட்டவள் வராந்தாப் படியில் நின்றாள். வெள்ளைச் சேலை. கையில் மருந்துத் தட்டு. பெரிய கண்கள்... கோபத்தில் இன்னும் பெரிதாகியிருந்தன. இடது இமையில் ஒரு சாரல் துளி விழாமல் நின்றது. அவன் குடையை மடக்கக்கூட அவள் நேரம் தரவில்லை.

"ரெண்டு வருஷம். பெத்தவ ஒரு மூலையில கெடக்கா, ஒரு காயிதம் உண்டா? சீசனுக்குக் குளிக்க வந்த இடத்துல ஞாபகம் வந்துட்டு போல. போங்க. கடைசி ரூம். தலையைத் துவட்டிட்டுப் போங்க, அவியளுக்குச் சளி ஒட்டிக்கிடும்."

நம்பிராஜனின் தாய் இறந்து பத்து வருடம் ஆகிறது. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுத்துப் பேசுவதற்கு ஒரு தெம்பு வேண்டும். மூன்று வருடமாக அவனிடம் அது இல்லை. தலையைத் துவட்டிக்கொண்டு கடைசி அறைக்குப் போனான். கட்டிலில் ஒரு கிழவி உட்கார்ந்து கால் விரல்களுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதிரே இருந்த ஸ்டூலில் அமர்ந்தான்.

"யாருய்யா நீ?" என்றாள் கிழவி.

"போகச் சொன்னாங்க ஆச்சி. வந்தேன்."

பேச்சித்தாய் ஆச்சி சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. சத்தம் கேட்டு மருந்துத் தட்டுக்காரி ஓடி வந்தாள்.

"ஏட்டி மொழி, இது என் மவன் இல்லட்டி. சொன்னவுடனே வந்து உக்காருததுக்கு அவன் என்ன அம்புட்டு நல்லவனா?"

அவளுடைய முகம் சிவந்துபோயிற்று. பேர் குழல்வாய்மொழி, அந்தப் பங்களாவில் குடியிருந்த இருபது கிழவர் கிழவிகளுக்கும் அவள்தான் நர்ஸ். வெளியே வந்ததும் கேட்டாள்: "சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க பேசி முடிக்கட்டும்னு இருந்தேன்."

அவள் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினாள். அவன் அதைப் பார்த்தான். பார்த்ததோடு சரி.

அவன் தென்காசி உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வாத்தியார். ஒரு செட்டியார் தர்மமாக நடத்திய அந்த முதியோர் விடுதிக்கு ஆடி மாதக் கடைசி ஞாயிறன்று ஆண்டு விழா. அங்கே இருப்பவர்களையே வைத்து ஒரு நாடகம் போட வேண்டும் என்று செட்டியார் ஆசைப்பட்டார். தலைமையாசிரியர் இவனைக் கைகாட்டினார். இவன் சரி என்றான். வீட்டுக்குப் போகாமல் இருக்க எந்தக் காரணம் கிடைத்தாலும் சரி என்பான். பள்ளிக்கூடம் விட்ட பிறகும் வகுப்பில் உட்கார்ந்திருந்து, பெரிய கோயில் மொட்டைக் கோபுரத்தின் பிளவில் புறாக்கள் அடைவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறவன்.

சனி, ஞாயிறுகளில் ஒத்திகை. கதை அவன் எழுதியதுதான். ரத்தினம் என்கிற ஒருவன் ரங்கூனுக்குப் போய் முப்பது வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். பெண்டாட்டி வாசலிலேயே முகம் கொடுக்கவில்லை. அவன் மறுபடி ரயிலேறக் கிளம்புகிறான். அப்போது அவள் ஸ்டேஷனுக்கு ஓடிவந்து, வாழ்நாளில் முதல் தடவையாகப் புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவன் திரும்புகிறான். படுதா.

ரத்தினமாக நடித்தவர் ஏசுதாசன் அண்ணாச்சி. தென்காசியில் முப்பது வருடம் தபால்காரராக இருந்தவர். அவரும் அவர் மனைவி ரெபேக்காளும் சேர்ந்தே விடுதிக்கு வந்தவர்கள். பெண்டாட்டி வேடம் பேச்சித்தாய் ஆச்சிக்கு. பக்கத்து வீட்டுக்காரிகளாக ரெபேக்காள், பேராச்சி உட்பட நாலு பேர். பழைய பஸ் கண்டக்டர் கிதிர் முகம்மது படுதா இழுத்தார். ரயில் ஊதுவதும் அவருடைய கண்டக்டர் விசில்தான். பக்கத் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது குழல்வாய்மொழி.

எல்லாம் நடந்தது, அந்தக் கடைசி இடம் வரைக்கும். பேச்சித்தாய் ஆச்சி ஸ்டேஷனுக்கு ஓடி வந்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"என்னால ஆவாது" என்றாள்.

விசாரித்ததில், ஆச்சியின் செத்துப்போன வீட்டுக்காரர் பெயரும் ரத்தினம்தான்.

சரி, அருமைநாயகம் என்று மாற்றலாம் என்றான் நம்பிராஜன். அது ஆச்சியின் மாமனார் பெயர். சுடலைமாடன்? பக்கத்து வீட்டுக்காரியாக நடித்த பேராச்சிக்கு அது மூத்தார், அதாவது புருஷனின் அண்ணன் பெயர். அவளுக்கும் அந்தப் பெயரைச் சொல்லும் வசனம் இருந்தது. அலுத்துப்போய், நடிக்கிறவர் பெயரையே வைத்துவிடலாம், ஏசுதாசன் என்றான். ரெபேக்காள் எழுந்து நின்றாள். "முப்பத்தெட்டு வருஷம் சொல்லாம ஓட்டியாச்சு. இப்ப நான் அவியளை மேடையில வச்சுக் கூப்பிடணுமாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நம்பிராஜனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. களைப்பாக இருந்தது.

"வெறும் பேருதான ஆச்சி. சொன்னா என்ன ஆயிடும்?"

திரைக்குப் பின்னாலிருந்து குழல்வாய்மொழி வந்தாள். "வெறும் பேருதானா சார்? அப்ப உங்க வீட்டம்மா பேரை நாலு பேரு முன்னால நீங்க சொல்லுங்க பாப்போம். ஆம்பிளையாளுக்குத்தான் தடை ஒண்ணும் கிடையாதே."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவளுக்குத் தெரியாது.

நம்பிராஜன் வாயைத் திறந்தான். பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. கூரையில் சாரல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பெயர் அங்கேயே நின்றது.

"பஸ் போயிடும்" என்றான். குடையைக்கூட எடுக்காமல் நடந்தான்.

பஸ்ஸில், நனைந்த சட்டையோடு உட்கார்ந்திருக்கையில் அந்த ஆஸ்பத்திரி மேஜை கண்முன் வந்தது. மூன்று வருடம் முன்பு. டைபாய்டு. ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டிருந்தவர் அவன் மனைவியிடம் கேட்டார், புருஷன் பேரு என்னம்மா? காய்ச்சலில் உடம்பு கொதிக்கிறது. இவன் பக்கத்தில்தான் நிற்கிறான். அப்படியும் அவள் சொல்லவில்லை. "திருக்குறுங்குடியில நிக்கிற சாமி பேரு" என்றாள். ரிஜிஸ்டர்காரர் சிரித்துக்கொண்டே நம்பி என்று எழுதினார். இவனும் சிரித்தான். பரீட்சை வேலை என்று மறுநாள் தென்காசிக்கு வந்தான். அதற்கு மறுநாள் தந்தி வந்தது. அன்றிலிருந்து அவளுடைய பெயரை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், போனவள் போனதுதான் என்று ஆகிவிடும் போல...

அடுத்த வாரம் அவன் குற்றாலத்துக்குப் போகவில்லை.

புதன்கிழமை மதியம் பள்ளிக்கூட வராந்தாவில் குழல்வாய்மொழி நின்றாள். கையில் அவனுடைய குடை. அவள் தலையில் மழை.

"குடை கையில இருந்துமா நனைஞ்சிய?"

"அது உங்க குடை சார். விரிக்கலாமான்னு தெரியல."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, ஏசுதாசன் அண்ணாச்சி எல்லாம் சொன்னார் என்றாள். அந்தத் தந்தியைக் கொண்டு வந்து கொடுத்தவர் அவர்தானாம். மன்னிப்பு என்கிற சொல்லை அவள் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஆச்சிமாருக்குப் பேரு கெடைச்சிட்டு சார். உங்க பேருதான். ஒவ்வொருத்தரா கேட்டுட்டேன். எங்க பங்களாவுல அந்தப் பேருல யாருக்கும் புருஷன் இல்ல. மாமனாரு இல்ல, மூத்தாரு இல்ல, கொழுந்தனும் இல்ல. நம்பிராஜன், நம்பிராஜன்னு நாலு தரம் சொல்லிப் பாத்தாச்சு... நல்லாத்தான் இருக்கு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது போலும். குடையை அவன் கையில் திணித்துவிட்டு வேகமாக நடந்தாள். அவளைக் கூப்பிட்டுக் குடையைக் கொடுத்திருக்கலாம் என்று, அவள் தெருமுனை திரும்பிய பிறகு அவனுக்குத் தோன்றியது. எப்போதும் எல்லாம் அவனுக்குப் பிறகுதான் தோன்றும்.

ரங்கூன் ரத்தினம், ரங்கூன் நம்பிராஜன் ஆனான். ஒத்திகை சூடு பிடித்தது. நாலு கிழவிகளும் அந்தப் பெயரை ஆசை தீரக் கத்தினார்கள். ஆயுசுக்கும் சொல்ல முடியாமல் போன பெயர்களுக்கெல்லாம் சேர்த்துக் கத்தியது போல இருந்தது. திரைக்குப் பின்னாலிருந்து குழல்வாய்மொழியின் குரல் எடுத்துக்கொடுக்கும். "நம்பிராஜன்... ஆச்சி, நம்பிராஜன்னு இழுக்கணும்." ஒத்திகை முடிந்தாலும் விடமாட்டாள். "நம்பிராஜன் சார், காப்பி." "நம்பிராஜன் சார், கடைசி பஸ்ஸூ." ஒருநாள் மங்குஸ்தான் பழத்தைப் பிளக்காமல் வைத்துக்கொண்டு, உள்ளே எத்தனை சுளை என்று சொல்லச் சொன்னாள். ஆறு என்றான். பிளந்தால் ஐந்து. "கணக்கு வாத்தியாரா ஆகாம இருந்தியளே, பிள்ளைக தப்பிச்சுது" என்றாள். அவன் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு, வேறு யாரோ சிரித்தது போலத் திரும்பிப் பார்த்தான்.

அன்று வீட்டுக்குப் போனதும் பயமாக இருந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறு விஷயம் தெரிந்தது. வீரகேரளம்புதூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன், ராயகிரியில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார். நாடகம் முடிந்த அன்றே தங்கையைக் கூட்டிப்போக வருகிறார். பெண் பார்க்க அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வருகிறார்களாம். பேச்சித்தாய் ஆச்சி வெற்றிலையை மென்றுகொண்டே, எல்லார் முன்னிலும் கேட்டாள்.

"ஏட்டி மொழி, நீ ராயகிரிக்குப் போயிட்டா இந்த வாத்தியாரு யாருட்ட காப்பி வாங்கிக் குடிப்பாரு?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. மாத்திரையைப் பாதியாக உடைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் கை நின்றிருந்தது.

"எனக்கென்ன ஆச்சி. நாடகம் முடிஞ்சா நான் போயிடுவேன். வேற எதுக்கும் நான் இங்க வரல."

தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியதை ஊருக்குச் சொல்லிவிட்டான். மாத்திரை டக்கென்று உடைந்தது.

அன்றோடு அவள் அவன் பெயரைச் சொல்வது நின்றது.

"ஆச்சி, காப்பி ஆறுதுன்னு அவியகிட்ட சொல்லுங்க" என்பாள், அவன் நாலடி தூரத்தில் நிற்கும்போதே. ஒத்திகையில் அந்த வசனம் வந்தால் குரல் கொடுக்க மாட்டாள். ஆச்சிக்குத்தான் பாடமாகிவிட்டதே என்பாள். கோபம் என்று நினைத்தான் நம்பிராஜன். நியாயம்தான் என்றும் நினைத்தான். கோபம் நல்லது. போகிறவளுக்குப் போவது சுலபம். இருக்கிறவனுக்குப் பழக்கம்தானே...

ஆடிக் கடைசி ஞாயிறு. மதியம் மூன்று மணிக்கு நாடகம். காலையிலிருந்து சாரல் விடவில்லை. மெயினருவியின் இரைச்சல் ஹாலுக்குள்ளேயே கேட்டது. செட்டியார் குடும்பம், பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், பக்கத்துப் பங்களாக்காரர்கள். கடைசி வரிசையில் குழல்வாய்மொழியின் அண்ணன், மடியில் குடையோடு. வராந்தாவில் அவளுடைய டிரங்குப்பெட்டி கட்டித் தயாராக இருந்தது. ஆறு மணி பஸ்.

இரண்டரை மணிக்கு வந்தது வினை. பேச்சித்தாய் ஆச்சிக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு மாதம் கத்திய கத்தல். மிளகும் கற்கண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். காற்றுதான் வந்தது. கடைசியில் ஒரு வழி பிறந்தது. ஆச்சி வாயசைப்பாள், பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து குழல்வாய்மொழி பேசுவாள்.

அவளுக்கு நோட்டைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். நம்பிராஜன் பிடித்துக்கொண்டான்.

அந்தச் சின்ன இடத்தில் இரண்டு பேர் நிற்பதே கஷ்டம். அவளுடைய தலையிலிருந்து தாழம்பூ வாசனை வந்தது. ஏடு திருப்பும்போது அவன் விரல் அவள் வளையலில் பட்டது. இருவரும் நோட்டையே பார்த்தார்கள். கண்ணால் பேசிக்கொள்ள இடமே இல்லாத அளவுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

நாடகம் நன்றாகவே போயிற்று. பேச்சித்தாய் ஆச்சியின் சுருங்கிய வாயிலிருந்து இருபத்தைந்து வயதுக் குரல் வந்ததைக் கேட்டு முதலில் சிரித்த கூட்டம், கொஞ்ச நேரத்தில் அதை மறந்தே போயிற்று. ஸ்டேஷன் காட்சி. கிதிர் முகம்மது விசில் ஊதினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏசுதாசன் அண்ணாச்சி நடந்தார். ஆச்சி ஓடி வந்தாள். கையை நீட்டினாள். வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை.

நம்பிராஜன் நோட்டில் அந்த இடத்தை விரலால் காட்டினான். அவள் பார்த்தாள். உதடு அசைந்தது. மூடிக்கொண்டது.

மேடையில் ஏசுதாசன் அண்ணாச்சி ஓரத்துக்கே வந்துவிட்டார். இனி ஓரடி வைத்தால் மழையில்தான் இறங்க வேண்டும். பழைய தபால்காரர் அல்லவா, விலாசம் தப்பியதுபோல ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி முதலிலிருந்து நடந்தார். கிதிர் முகம்மது நிலைமையைப் பார்த்து இரண்டாம் முறை ஊதினார்.

"சொல்லுங்க" என்றான் நம்பிராஜன், காதோரமாக.

தலையை ஆட்டினாள்.

"நூறு தரம் சொன்ன பேருதான?"

"அப்ப அது யாருக்கும் புருஷன் இல்லாத பேரு."

சொல்லிவிட்டாள். சொன்னது என்னவென்று அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது. கண்கள் நிறைந்துவிட்டன. இரண்டு கையாலும் திரையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னால ஆவாது" என்றாள்.

பேச்சித்தாய் ஆச்சி அன்று சொன்ன அதே சொல்.

அப்படியானால் இத்தனை நாளும்... காப்பி ஆறுதுன்னு அவியகிட்ட சொல்லுங்க... அது கோபம் இல்லையா? வாத்தியார் வேலை பார்க்கிறவனுக்கு இது புரிய இத்தனை நாளா? மார்புக்குள் எங்கோ, மரத்துப்போன கால் மறுபடி உணர்வு பெறும்போது குத்துமே, அது போலக் குத்தியது. வலித்தது. வலிக்கட்டும் என்றிருந்தது.

மூன்றாம் முறை ரயில் ஊதியது. மேடையில் கை நீட்டியபடியே நின்ற ஆச்சி, பக்கத் திரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். திரையைப் பிடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள். அறுபத்தெட்டு வயதுக் கண்ணுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? திரும்பினாள். கிழிந்துபோன தொண்டையிலிருந்து, நோட்டில் இல்லாத ஒரு சொல்லை இழுத்து வெளியே போட்டாள்.

"ஏங்க..."

ஏசுதாசன் அண்ணாச்சி சட்டென்று நின்றார். திரும்பினார். அது நடிப்பு இல்லை. முப்பத்தெட்டு வருடப் பழக்கம். முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அப்புறம் பலர். கிதிர் முகம்மது படுதாவை இழுக்க மறந்து, பிறகு நினைவு வந்து இழுத்தார்.

தான் எழுதியதைவிட அது நன்றாக இருந்தது என்று நம்பிராஜனுக்குத் தெரிந்தது.

கைதட்டல் ஓய்வதற்குள் அவளுடைய அண்ணன் வராந்தாவுக்கு வந்துவிட்டார். பஸ் கவலை அவருக்கு. டிரங்குப்பெட்டியில் கை வைத்தவர், பக்கத்தில் நின்ற நம்பிராஜனைப் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டார்.

"நல்லா இருந்துச்சு. ஏட்டி மொழி, இவியதானா அந்த வாத்தியாரு? பேரு என்ன சொன்னே?"

அவள் அண்ணனுக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் நம்பிராஜன் சார், நம்பிராஜன் சார் என்று இருந்திருக்கும். இப்போது அவள் தலை குனிந்து நின்றாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"திருக்குறுங்குடியில நிக்கிற சாமி பேரு" என்றாள்.

நம்பிராஜன் தூணைப் பிடித்துக்கொண்டான். இந்தச் சொல்லை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்குத் தெரிய வழியே இல்லை. இந்தச் சீமையில் பிறந்த எந்தப் பெண்ணும் அவன் பெயரை அப்படித்தான் சொல்வாள்... பெயரைச் சொல்லக் கூடாத ஒருத்தியாக அவள் ஆகிவிட்டால்.

அண்ணன் தங்கையைப் பார்த்தார். அவரும் இதே சீமைதான். வாத்தியாரைப் பார்த்தார். பெட்டியிலிருந்து கையை எடுத்தார். பிறகு அந்தப் பெட்டிமேலேயே உட்கார்ந்தார்.

"ராயகிரிக்காரவுகளுக்கு நான் என்னட்டி பதில் சொல்லுதது?"

பேச வேண்டியது அவள் இல்லை என்று நம்பிராஜனுக்கு, இந்த ஒரு தடவை, நேரத்தோடு தோன்றியது.

"அண்ணாச்சி, என் பேரு நம்பிராஜன். எனக்கு ஒரு தடவை கல்யாணம் ஆயிருக்கு. அவ பேரு..." தொண்டையில் நின்றது. நிற்கட்டும் என்று காத்திருந்தான். வந்தது. "அகிலாண்டேஸ்வரி. இறந்து மூணு வருஷம் ஆவுது. அவளை மறந்துட்டேன்னு சொல்லமாட்டேன். மறக்கவும் மாட்டேன். வேற எதுக்கும் இங்க வரலன்னு அன்னைக்கு ஒரு பொய் சொன்னேன். அதை மட்டும் வாபஸ் வாங்கணும்."

மழை இன்னும் வலுத்தது. ஹால் வாசலில் கிழவிகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"உங்க தங்கச்சி பேரை நான் இதுவரைக்கும் சொன்னதில்ல. நர்சம்மான்னுதான் சொல்லியிருக்கேன்." அவளைப் பார்த்தான். "குழல்வாய்மொழி. இந்தப் பேரை நான் தினம் கூப்பிடணும் அண்ணாச்சி. உங்க சம்மதம் வேணும். அவ சம்மதமும்."

அண்ணன் வெகுநேரம் மழையைப் பார்த்தார். தூரத்தில் ஆறு மணி பஸ் ஹாரன் அடித்துப் போயிற்று.

"அவ சம்மதத்தைத்தான் சாமி பேருல சொல்லிட்டாளே" என்றார். "நான் ஊருக்குப் போயி எங்க அம்மாட்டயும் கேக்கணும். ராயகிரிக்கு ஆள் அனுப்பணும். ஒரே நாள்ல ஆவுத காரியமா? மழை விடட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார்.

பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் வண்டி பேசிக்கொண்டு கேட்டருகே கூப்பிட்டார்கள். நம்பிராஜன் படியிறங்கினான். மூன்று வருடமாகத் தலைமேல் சுமந்த எதையோ இறக்கிவைத்தது போல உடம்பு முழுவதும் அலுப்பாக இருந்தது. தூக்கம் வரும் அலுப்பு. நனைந்துகொண்டே நாலடி நடந்திருப்பான்.

பின்னாலிருந்து குரல் வந்தது. குடையை மறுபடியும் மறந்துவிட்டிருந்தான்.

அவள் பெயர் சொல்லவில்லை.

"ஏங்க..."

நம்பிராஜன் திரும்பினான்.